திருகாணியில் தொடங்கும் உரிமை

பருவத் தேர்வுக்கு ஆறு நாள்களே இருந்த நேரத்தில், சிதம்பரத்தில் விடுதியில் தங்கி முதுநிலை படிக்கும் என் தங்கை மகளின் மடிக்கணினி மக்கர் செய்யத் தொடங்கியது. இயக்கிய பத்து நிமிடங்களில் அடிப்பாகம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். உள்ளிருக்கும் விசிறி இரையும். பிறகு திரை கறுத்துவிடும். காற்று வெளியேறும் துளைகளில் தூசி அடைத்திருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. அடிமூடியைக் கழற்றி, ஒரு தூரிகையால் தூசியைத் தட்டினால் தீரக்கூடிய கோளாறு அது.

மூடியில் எட்டுத் திருகாணிகள் இருந்தன. ஆறு திருகாணிகள் நாம் நன்கு அறிந்த கூட்டல் குறி வடிவம் கொண்டவை. மீதி இரண்டின் தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழியும், அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழும் இருந்தன. வீட்டிலிருந்த எந்தத் திருப்புளியும் அதற்குள் இறங்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, கருவியை ஒப்படைத்தால் சென்னைக்கு அனுப்பி, பத்து முதல் பதினைந்து நாள்களில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். தேர்வோ ஆறு நாளில்.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலைப் பக்கம் உள்ள வன்பொருள் கடைகளில் தேடினேன். 'ஸ்டார் ஸ்குரூடிரைவர்' என்று கேட்டேன். கடைக்காரர் பத்து வகைகளை எடுத்து மேசையில் பரப்பினார். அத்தனையும் கூட்டல் குறி. நம் ஊரில் கூட்டல் குறி வடிவத்துக்குத்தான் 'ஸ்டார்' என்று பெயர். உண்மையான நட்சத்திர வடிவத்துக்குத் தனிப் பெயரே புழக்கத்தில் இல்லை. அடுத்த கடையில் நட்சத்திரத் திருப்புளி கிடைத்தது. ஆனால், அது இருசக்கர வாகனங்களுக்கான பெரிய அளவு. மூன்றாவது கடையில் அளவு ஒத்துவந்தது. முனையில் குமிழுக்கு வழிவிடும் துளை இல்லை.

மறுநாள் சிதம்பரத்துக்குப் பேருந்தில் போனேன். மேல வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய கைப்பேசி பழுதுபார்க்கும் கடை இருந்தது. அதில் இருந்த இளைஞர் ரெக்சின் உறையைப் பிரித்து, வரிசையாக அடுக்கியிருந்த முனைகளில் ஒன்றை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் மூடி திறந்தது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த முனையைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாராம். "வேலை பெரிசில்லீங்க ஐயா, அந்த ரெண்டு ஸ்குரூதான் பெரிசு" என்றார்.

நாற்பதாண்டு காலம் பொருளியல் படித்தும் கற்பித்தும் வந்த எனக்கு, அந்த இளைஞரின் சொற்கள் ஒரு கேள்வியை எழுப்பின. எட்டில் ஆறு திருகாணிகள் சாதாரணமாக இருக்கும்போது, இரண்டு மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? ஆறு திருகாணிகள் தாங்கும் மூடியை மற்ற இரண்டும் அதே வகையில் தாங்காதா? அந்த இரண்டும் மூடியைப் பிடித்திருப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. பொருளை வாங்கியவர் அதைத் திறக்காமல் இருப்பதற்காகவும் வைக்கப்பட்டவை.

வடிவங்களின் பின்னணி

எல்லா மாறுபட்ட திருகாணிகளும் சூழ்ச்சி அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1930-களில் காப்புரிமை பெற்றுப் பரப்பிய கூட்டல் குறித் தலை, கார் தொழிற்சாலைகளின் தேவைக்கு ஏற்றதாக இருந்தது. பழைய ஒற்றைக் கோட்டுத் திருகாணியில் திருப்புளி பக்கவாட்டில் வழுக்கிவிடும். கூட்டல் குறியில் அது தானாகவே மையத்தில் வந்து நிற்கும். விசையால் இயங்கும் கருவிகளைக் கொண்டு விரைவாக முடுக்க அது உதவியது. ஆனால், அழுத்தம் கூடினால் முனை குழியை விட்டு மேலேறி நழுவும். நாளடைவில் குழி தேய்ந்துபோகும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 1967-இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் உருவாக்கிய 'டார்க்ஸ்' என்னும் ஆறு முனை வடிவம். முடுக்கும் விசையை அது சீராக ஏற்கும், எளிதில் நழுவாது. கார்களிலும் கணினிகளின் வன்தட்டுகளிலும் அது பரவியதற்குக் காரணம் பொறியியல்தான். அதன் காப்புரிமைக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. எவரும் அதற்கான திருப்புளியைச் செய்யலாம், விற்கலாம்.

ஆனால், அதே நட்சத்திரத்தின் நடுவில் ஒரு குமிழை வைக்கும்போது நோக்கம் மாறிவிடுகிறது. குமிழ் விசையை ஏற்பதில்லை, பிடிப்பைக் கூட்டுவதில்லை. சாதாரண டார்க்ஸ் திருப்புளி உள்ளே இறங்காதபடி தடுப்பது மட்டுமே அதன் வேலை. பொதுக் கழிப்பறைகளிலும் மின்பெட்டிகளிலும் விஷமிகள் கைவைக்காமலிருக்க இப்படிப்பட்ட திருகாணிகளைப் பயன்படுத்துவது நியாயம். விலை கொடுத்து வாங்கிய ஒருவரின் சொந்தக் கணினியில் அதைப் பொருத்தும்போது, அங்கே விஷமியின் இடத்தில் வைக்கப்படுபவர் பொருளின் உரிமையாளரே.

இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்டால் வாங்க வேண்டிய கருவியும் தெளிவாகிவிடும். மேசைக் கணினியின் பெட்டியைத் திறக்க பிலிப்ஸ் இரண்டாம் எண் போதும். பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு பிலிப்ஸ் பூஜ்யம், இரட்டைப் பூஜ்யம் ஆகிய சிறிய எண்கள் தேவைப்படும். நட்சத்திரத் தலைக்கு டி5, டி6, டி8 ஆகிய அளவுகளில், முனையில் துளை உள்ளவற்றையே கேட்டு வாங்கலாம். துளையுள்ள முனை குமிழ் இல்லாத திருகாணியிலும் வேலை செய்யும். ஜப்பானியத் தயாரிப்புகளில் சிலவற்றில் காணப்படும் கூட்டல் குறி, பிலிப்ஸ் போலத் தோன்றினாலும் அந்நாட்டுத் தரப்படி அமைந்த வேறு வடிவம். பிலிப்ஸ் முனையை அழுத்தித் திருகினால் தலை சிதைந்துவிடும். மலிவான மென்மையான உலோக முனைகளை வாங்கி ஒரு திருகாணியைச் சிதைப்பதைவிட, நல்ல எஃகு முனைகள் கொண்ட தொகுப்பு ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். திறப்பதற்கு முன் மின்னிணைப்பைத் துண்டிப்பதும், கழற்றிய திருகாணிகளை ஒரு தாளில் படம் வரைந்து அதனதன் இடத்தில் வைப்பதும் அவசியம். நீளமான திருகாணியைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை துளைபட நேரும்.

திறந்த பெட்டியும் மூடிய பெட்டியும்

தனிநபர் கணினியின் வரலாற்றிலேயே இந்த இரு போக்குகளும் எதிரெதிராக நின்றிருக்கின்றன. 1977-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'ஆப்பிள் 2' கணினியின் மேல்மூடியைத் திருப்புளி இல்லாமலேயே கையால் தூக்கிவிடலாம். உள்ளே புதிய அட்டைகளைப் பயனரே செருகலாம். அதே நிறுவனம் 1984-இல் வெளியிட்ட மேக்கின்டாஷ் கணினியைத் திறக்க டி15 அளவுள்ள டார்க்ஸ் திருப்புளி வேண்டும். அதுவும் சாதாரண நீளம் போதாது. கைப்பிடிக் குழியின் ஆழத்தில் இரண்டு திருகாணிகள் இருந்ததால், நீண்ட தண்டுள்ள திருப்புளி தேவைப்பட்டது. அக்காலத்தில் அது எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. அந்தக் கணினியை உருவாக்கிய குழுவினரின் கையொப்பங்கள் பெட்டியின் உட்புறத்தில் அச்சாகியிருந்தன. பெரும்பாலான உரிமையாளர்கள் அவற்றைப் பார்த்ததே இல்லை.

மாறாக, 1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினிக்கு, மின்சுற்று வரைபடங்கள் உள்ளிட்ட தொழில்நுட்பக் கையேட்டை அந்நிறுவனமே விற்பனைக்கு வைத்தது. அதைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் ஒத்த கணினிகளையும் உதிரிப் பாகங்களையும் தயாரித்தன. ஐபிஎம்முக்கு அதனால் நட்டம் நேர்ந்திருக்கலாம். உலகத்துக்கு அதனால் கிடைத்தது பெரும் லாபம். நம் ஊரில் தொண்ணூறுகளில் 'அசெம்பிள்டு' கணினி என்ற பெயரில் நடுத்தரக் குடும்பங்களுக்கு முதன்முதலில் கணினி கைக்கு எட்டியது அந்தத் திறந்த வடிவமைப்பால்தான். ரிச்சி தெருவின் வணிகமும், கடலூரிலும் சிதம்பரத்திலும் தோன்றிய நூற்றுக்கணக்கான சிறு கடைகளும் அதன் விளைவுகளே. ஒரே ஒரு கூட்டல் குறித் திருப்புளியைக் கொண்டு ஒரு கணினியை முழுமையாகக் கட்டவும் பிரிக்கவும் முடிந்தது. அந்தக் கடைகளில் திருப்புளி பிடித்துத் தொழில் கற்ற இளைஞர்கள் பின்னர் நல்ல நிறுவனங்களில் வன்பொருள் பொறியாளர்களாக உயர்ந்ததை நான் அறிவேன்.

2009-இல் சில மேக்புக் புரோ மடிக்கணினிகளின் மின்கலத்தைப் பொருத்த ஐந்து இதழ்கள் கொண்ட 'பென்டலோப்' திருகாணியை ஆப்பிள் அறிமுகப்படுத்தியது. அடுத்து ஐபோன் 4-இன் அடிப்பக்கத்திலும் அது இடம்பெற்றது. அதற்கான திருப்புளி அப்போது கடைகளில் இல்லை. 2011-இல் ஐஃபிக்ஸிட் என்ற அமெரிக்க நிறுவனம், அந்தத் திருகாணியைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் திருகாணியைப் பொருத்திக்கொள்வதற்கான தொகுப்பையே விற்றது. இன்று பென்டலோப் திருப்புளி இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிறகு என்ன பிரச்னை என்று கேட்கலாம். கருவி சந்தைக்கு வந்து சேரும் இடைவெளியில் எத்தனை பேர் சேவை மையம் சொன்ன விலையைக் கொடுத்தார்கள், எத்தனை பேர் பழுதைப் பார்க்காமலேயே புதியதை வாங்கினார்கள் என்பதே கேள்வி. பூட்டு என்றென்றும் பூட்டியிருக்க வேண்டியதில்லை. உத்தரவாதக் காலம் முடியும்வரை தாக்குப்பிடித்தாலே விற்பனையாளருக்குப் போதும்.

மேலும், திருகாணி முதல் பூட்டு மட்டுமே. அதைத் தாண்டினால் மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. நினைவகம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதையும் தாண்டினால், புதிய உதிரிப் பாகத்தை நிறுவனத்தின் மென்பொருள் அங்கீகரித்தால்தான் அது முழுமையாக இயங்கும் என்ற நிலை. கண்ணுக்குத் தெரியும் பூட்டு திருகாணி என்பதால் அதைப் பற்றிப் பேசுகிறோம். மற்றவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

விற்பனைக்குப் பிந்தைய சந்தை

பொருளியலில் இதை விற்பனைக்குப் பிந்தைய சந்தை என்ற தலைப்பில் பேசுவோம். ஒரு பொருளை வாங்கும்வரை நுகர்வோருக்குப் பல தேர்வுகள் உண்டு. நிறுவனங்கள் விலையில் போட்டியிடுகின்றன. வாங்கிய மறுகணம் அவர் ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவராகிறார். உதிரிப் பாகம், பழுதுபார்ப்பு, கருவி ஆகிய மூன்றையும் அந்நிறுவனமே தன் கையில் வைத்துக்கொண்டால், முதல் சந்தையில் கடும் போட்டி இருந்தாலும் இரண்டாம் சந்தையில் ஏகபோகம் உருவாகிவிடும். வாங்கும்போது எவரும் மூடியைப் புரட்டிப் பார்த்துத் திருகாணிகளின் வடிவத்தை ஆராய்வதில்லை. ஆகவே, அந்தச் செலவு விலைப்பட்டியலில் தெரியாது.

நகலெடுக்கும் இயந்திரங்களின் உதிரிப் பாகங்களைத் தனியார் பழுதுபார்ப்பாளர்களுக்குக் கொடுக்க மறுத்த ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் வழக்கில், 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை விவாதித்தது. இயந்திரச் சந்தையில் போட்டி இருக்கிறது என்பதாலேயே உதிரிப் பாகச் சந்தையில் ஆதிக்கம் இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட இயலாது என அந்த நீதிமன்றம் கூறியது.

இந்தியாவிலும் முன்னுதாரணம் உண்டு. உதிரிப் பாகங்களையும் கோளாறைக் கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது வேறு கதை. கருவியை மறைத்து வைப்பதும் போட்டியைத் தடுப்பதே என்ற கோட்பாட்டை அந்த ஆணை நம் நாட்டில் நிறுவியது. கார் பட்டறைக்குக் கோளாறு கண்டறியும் கருவி எதுவோ, சிதம்பரத்தின் சந்துக் கடைக்குத் திருப்புளி முனை அதுவே.

ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். நாற்பதாயிரம் ரூபாய் மடிக்கணினி நான்கு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு பத்தாயிரம். நான்காம் ஆண்டில் இரண்டாயிரம் ரூபாய் செலவிட்டு மின்கலத்தை மாற்றி, விசிறியைச் சுத்தம் செய்து, மேலும் இரண்டு ஆண்டுகள் ஓட்டினால் ஆண்டுச் செலவு ஏழாயிரமாகக் குறையும். ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்பது, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் எளிய குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. அந்த இரண்டாயிரம் ரூபாயும் உள்ளூர்க் கடையில், உள்ளூர்த் தொழிலாளியின் கையில் சேரும்.

இதில் நம் மாவட்டத்துக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. கடற்கரையோர உப்புக் காற்றில் உலோகம் விரைவில் துருப்பிடிக்கிறது. கணினியின் உட்பாகங்களைச் சீராகச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. 2011-இன் தானே புயல், 2015-இன் பெருவெள்ளம், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறப்பைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என அடுத்தடுத்துப் பார்த்துவிட்டோம். நீர் புகுந்த மின்னணுக் கருவியை உடனே திறந்து, மின்கலத்தைப் பிரித்து, உலர்த்தினால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. சேவை மையத்தின் வரிசையில் பதினைந்து நாள்கள் காத்திருந்தால் துரு அதன் வேலையை முடித்துவிடும். வெள்ளத்தில் அட்டவணைப்படி எதுவும் நடப்பதில்லை. அப்போது கைக்கெட்டும் தொலைவில் இருப்பவர் உள்ளூர்ப் பழுதுபார்ப்பாளர் ஒருவரே.

நிறுவனங்களின் வாதம்

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயங்கள் உண்டு. லித்தியம் மின்கலத்தைக் கூரிய பொருளால் குத்திவிட்டால் தீப்பற்றும். நீர் புகாத வகையில் அடைக்கப்பட்ட கைப்பேசியை முறையின்றித் திறந்தால் அந்தத் தன்மை போய்விடும். போலி உதிரிப் பாகங்கள் சந்தையில் மலிந்திருக்கின்றன என்பதும் உண்மை. மெலிதான, இலகுவான கருவியைக் கேட்பவர்களும் நாம்தாம். அதற்குப் பசையும் நுண்ணிய திருகாணிகளும் தேவைப்படுகின்றன.

ஆனால், இந்த வாதங்களைச் சற்று ஆராய வேண்டும். மின்கலம் ஆபத்தானது என்றால், அதை எளிதாகவும் பாதுகாப்பாகவும் வெளியே எடுக்கும்படி வடிவமைப்பதே தீர்வு. சரியான திருப்புளி கிடைக்காதவர் முயற்சியைக் கைவிடுவதில்லை. கத்தி முனையாலும் தட்டைத் திருப்புளியாலும் நெம்புகிறார். விபத்து அங்கேதான் நேர்கிறது. போலிப் பாகங்கள் பெருகுவதற்கும் அசல் பாகங்கள் வெளியில் கிடைக்காததே பெருமளவு காரணம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021 மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், பழுதுபார்ப்புக்கான கட்டுப்பாடுகளை நியாயப்படுத்த உற்பத்தியாளர்கள் கூறும் காரணங்களுக்குப் போதிய சான்று இல்லை என்று குறிப்பிட்டது.

மாற்று வழி சாத்தியமே என்பதற்குச் சந்தையிலேயே சான்றுகள் உள்ளன. டெல், எச்.பி., லெனோவோ ஆகிய நிறுவனங்கள் தங்கள் மடிக்கணினிகள் பலவற்றுக்குப் பிரித்துப் பொருத்தும் கையேடுகளை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. 2021-இல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மடிக்கணினியோடு பெட்டியிலேயே ஒரு திருப்புளியும் வருகிறது. ஒரே திருப்புளி, பயனர் மாற்றக்கூடிய பாகங்களுக்கு அதுவே போதும். அதனால் அந்தக் கணினி தடித்தோ ஆபத்தானதாகவோ ஆகிவிடவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் இதில் வெகுதூரம் முன்னேறிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் மின்கல ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே எடுத்து மாற்ற முடிய வேண்டும். கடைகளில் கிடைக்கும் கருவிகளே அதற்குப் போதுமானவையாக இருக்க வேண்டும். தனிச்சிறப்பான கருவி தேவைப்பட்டால், அதைப் பொருளோடு இலவசமாகக் கொடுக்க வேண்டும். சில விலக்குகள் இருந்தாலும், திருப்புளியைச் சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். 2024-இல் நிறைவேறிய பழுதுபார்ப்பு உத்தரவோ, தக்க காரணமின்றி வன்பொருள், மென்பொருள் உத்திகளைக் கொண்டு பழுதுபார்ப்பைத் தடுக்கக் கூடாது என்கிறது. பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்தே மடிக்கணினி போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்புக் குறியீட்டு எண்ணை விற்பனை இடத்தில் காட்டச் செய்கிறது. அந்த மதிப்பெண்ணில் பிரிப்பதற்கான எளிமையும் தேவைப்படும் கருவிகளும் இணைப்பான்களின் வகையும் சேரும்.

இந்தியாவில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள் மற்றும் டேப்லெட்டுகள், நீடித்து உழைக்கும் நுகர்பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது முதலில் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. 2024-இல் கைப்பேசி மற்றும் மின்னணுத் துறைக்கான பழுதுபார்ப்புக் குறியீட்டை வகுக்க மற்றொரு குழு அமைக்கப்பட்டு, 2025 மே மாதம் அது அறிக்கை அளித்தது. பிரிக்கும் முறை, உதிரிப் பாகங்கள், மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவற்றோடு கருவிகளும் திருகாணி முதலான இணைப்பான்களும் அதன் அளவுகோல்களில் இடம்பெற்றிருப்பது பாராட்டத்தக்கது.

எனினும், இணையதளமும் அறிக்கையும் சட்டம் ஆகிவிடா. நிறுவனம் விரும்பினால் கையேட்டைப் பதிவேற்றலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்ற நிலையில், உரிமை என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. குறியீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். அதில் மடிக்கணினியும் உறுதியாக இடம்பெற வேண்டும். மின்னேற்றிக்கு ஒரே வகைத் துளை என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு டைப்-சி வடிவத்துக்குத் தரம் வகுத்திருக்கிறது. வீட்டில் ஐந்து வகை மின்னேற்றிகள் குவிந்து கிடந்த காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது. மின்னேற்றித் துளைக்குத் தரம் வகுக்க முடிந்தால், திருகாணித் தலைக்கு ஏன் முடியாது? காப்புரிமை தீர்ந்த பிலிப்ஸ், குமிழ் இல்லாத டார்க்ஸ் ஆகிய இரண்டு வடிவங்களுக்குள் நுகர்வோர் மின்னணுக் கருவிகளை அடக்கிவிடலாம்.

தமிழக அரசு செய்யக்கூடியது

தில்லி சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டிய தேவை தமிழகத்துக்கு இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் பல லட்சம் கருவிகளை எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, முதற்கட்டமாக ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்கும் ஒருவரின் சொல்லுக்கு எந்த நிறுவனமும் செவிசாய்க்கும். செயலி எது, நினைவகம் எவ்வளவு, திரையின் அளவு என்ன என்றெல்லாம் ஒப்பந்தப்புள்ளியில் எழுதும் அரசு, இனிவரும் ஒவ்வொரு கொள்முதலிலும் மேலும் நான்கு வரிகளைச் சேர்க்கலாம்.

ஒன்று, வெளிமூடியில் ஒரே வகையான, கடைகளில் பரவலாகக் கிடைக்கும் திருப்புளியால் கழற்றக்கூடிய திருகாணிகளே இருக்க வேண்டும். இரண்டு, மின்கலம், விசிறி, விசைப்பலகை, சேமிப்பகம் ஆகியவற்றைப் பசையை உருக்காமல் மாற்ற முடிய வேண்டும். மூன்று, பிரித்துப் பொருத்தும் கையேடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். நான்கு, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அந்தப் பாகங்கள் மாவட்டத் தலைநகரங்களில் அறிவிக்கப்பட்ட விலையில் கிடைக்க வேண்டும். இவற்றால் கருவியின் விலை பெரிதாக உயர்ந்துவிடாது. இருபது லட்சம் கருவிகள் தலா ஓராண்டு கூடுதலாக உழைத்தால், இருபது லட்சம் மாணவர்-ஆண்டுகள் அரசுக்குச் செலவின்றிக் கிடைக்கும்.

அரசுக்காக ஒரு மாடலில் இவற்றைச் செய்யும் நிறுவனம், தன் மற்ற மாடல்களிலும் அதைத் தொடர வாய்ப்பு மிகுதி. தர நிர்ணயம் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு புரியளவு வைத்திருந்தது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் பொதுவான திருகுப்புரி அளவை முன்வைத்தார். பெருமளவில் கொள்முதல் செய்த ரயில் நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்டதால், பட்டறைகளும் ஏற்றுக்கொண்டன. வாங்குபவர்கள் கேட்டதால் வந்த மாற்றம் அது.

கல்வி நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. கடலூர், சிதம்பரம் பகுதியில் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன; பல்தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நீண்ட மரபுள்ள பொறியியல் புலம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, மாணவர்கள் தங்கள் பழுதடைந்த கருவிகளைக் கொண்டுவந்து, ஆசிரியர் மேற்பார்வையில் தாங்களே திறந்து பழுதுபார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கலாம். நெதர்லாந்தில் 2009-இல் தொடங்கிய 'பழுதுபார்ப்பு உணவகம்' என்ற இயக்கம் இப்படித்தான் பல நாடுகளுக்குப் பரவியது. அதற்கு வேண்டிய முதலீடு ஒரு மேசை, நல்ல விளக்கு, முழுமையான திருப்புளித் தொகுப்பு. பட்டப்படிப்பில் கணினி அறிவியல் பயிலும் மாணவர், தன் கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் பெறுவது பெருமைக்குரியதன்று.

ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் 106 வகைப் பொருள்களின் உற்பத்தியாளர்களை மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்குகின்றன. மறுசுழற்சி என்பது பொருளின் ஆயுள் முடிந்த பிறகு செய்யும் வேலை. அதற்கு முந்தைய கட்டம், ஆயுளை நீட்டிப்பது. அதற்குப் பொருளைத் திறக்க முடிய வேண்டும்.

என் தங்கை மகள் தேர்வுகளை எழுதி முடித்துவிட்டாள். அந்த மடிக்கணினி இப்போதும் ஓடுகிறது. கழற்றிய இரண்டு குமிழ்த் திருகாணிகளையும் அந்த இளைஞர் மீண்டும் பொருத்தவில்லை. அதே அளவில் இரண்டு சாதாரணத் திருகாணிகளைத் தேடியெடுத்து முடுக்கிக் கொடுத்தார். அடுத்த முறை அதைத் திறக்க நான் கடலூரிலிருந்து பேருந்து ஏற வேண்டியதில்லை. அந்தச் சந்துக் கடை இளைஞர் ஒரு கணினிக்குச் செய்ததை, அரசு தான் வாங்கும் லட்சக்கணக்கான கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி எழுதிச் செய்துவிட முடியும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), கடலூர்.